சான் ஓசேயில் வாடகை செஸ்னா: காசும் நாளும் எவ்வளவு போனது

அப்துல்லாபுரம் ஏர்போர்ட்டில் விமானம் எப்போது இறங்கும் என்று வேலூரே கேட்டுக்கொண்டிருக்கிறது. நானோ கமர்ஷியல் பைலட் லைசென்ஸைப் பீரோவில் வைத்துவிட்டு காட்பாடியில் அப்பாவின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். போன ஜூனில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சான் ஓசேயில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, பக்கத்தில் ஒரு சின்ன விமான நிலையத்தில் இருக்கும் விமான கிளப்பில் செஸ்னா 172 என்ற நாலு சீட் குட்டி விமானத்தை வாடகைக்கு எடுத்தேன். எப்படி என்று நிறைய பேர் கேட்கிறார்கள், அதனால்தான் இது.

நம் நாட்டு விமானத் துறையான டிஜிசிஏ தந்த லைசென்ஸை நீட்டினால் சாவி தர மாட்டார்கள், அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் சான்றிதழ் வேண்டும். நம் லைசென்ஸை வைத்தே அதைத் தருகிறார்கள், எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால் லைசென்ஸ் உண்மைதானா என்று டிஜிசிஏவிடம் கேட்டு உறுதி செய்த எஃப்ஏஏவின் கடிதம் முதலில் வர வேண்டும், அப்புறம் எஃப்ஏஏ அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், அந்தக் கடிதமும் ஆறு மாதம்தான் செல்லும். நான் நான்கு மாதம் முன்பே விண்ணப்பித்தேன். டிக்கெட் போட்ட பிறகு யோசித்தால் வேலைக்கு ஆகாது. கையில் கமர்ஷியல் இருந்தாலும் இந்த வழியில் கிடைப்பது பிரைவேட் உரிமைதான், காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்ற முடியாது.

கிளப்பின் மேல் எனக்குள்ள ஒரே கோபம் பண விஷயம். போனில் "ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினால் போதும்" என்றார்கள். போய் உட்கார்ந்த பிறகுதான், ஓட்டத் தெரிகிறதா என்று இன்ஸ்ட்ரக்டர் பார்க்கும் ஃபிளைட் ரிவ்யூவுக்கே தரையில் ஒரு மணி, மேலே ஒரு மணி குறைந்தபட்சம் என்றும், கிளப்பின் சொந்தச் சோதனை தனி என்றும், திருப்பித் தராத சேர்க்கைக் கட்டணம் ஒன்று உண்டு என்றும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெட்ரோல் சேர்த்து மணிக்கு 185 டாலர், இன்ஸ்ட்ரக்டர் கூலி வேறு. வாடகை நேரத்தைக் கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டர் இன்ஜின் ஓடும் நேரம் முழுக்க ஓடும், ஆறு நிமிடத்துக்கு ஒரு புள்ளி (மணியில் பத்தில் ஒரு பங்கு), ரன்வேக்கு முன்னால் வரிசையில் நிற்பதற்கும் காசு. இதில் கடல் பனிமூட்டம் இரண்டு காலை வேளைகளைத் தின்றுவிட்டது.

விமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீட் துணி கிழிந்திருந்தது, இன்ஜின் சுத்தம், பராமரிப்புப் பதிவுகளைக் கேட்டதும் எடுத்து வைத்தார்கள். இன்ஸ்ட்ரக்டர் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் காற்றழுத்தத்தை 1013 என்றே வைத்துப் பழகிய எனக்கு அதே அழுத்தம் 29.92 என்று பாதரச அங்குலக் கணக்கில் வந்ததும் கை தயங்கியது, அவர் சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தார். நிஜமாகவே வியர்த்தது கடலோரத்து ஹாஃப் மூன் பே விமான நிலையத்தில். அங்கே விமானங்களுக்கு வழி சொல்லும் டவரே கிடையாது. நான் இங்கே இருக்கிறேன், இப்படித் திரும்புகிறேன், இறங்கப் போகிறேன் என்று ஒவ்வொருவரும் ரேடியோவில் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டும். போலீஸ் இல்லாத நேரத்து நம் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்புதான், என்ன, அங்கே வானத்தில் எல்லோரும் வழி விடுகிறார்கள்.

கடைசி ஞாயிறு அக்காவையும் மாமாவையும் ஏற்றினேன். நாலு சீட் இருக்கிறதே என்று மாமா தன் நண்பரையும் கூப்பிட்டுவிட்டார். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் அந்த விமானத்தில் ஆட்களுக்கும் பைகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 250 கிலோ. மாமா மட்டுமே 92. அக்கா எடையைச் சொல்லவே மாட்டேன் என்று நின்றாள், கிளப் தராசில் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினாள். நண்பர் ஆற்காடு மக்கன் பேடாவைத் தின்றுகொண்டு கீழேயே இருந்தார்.

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய வான்பகுதிக்கு பிராவோ என்று பெயர், ரேடியோவில் கன்ட்ரோலர் சொல்லும் "கிளியர்டு இன்டு பிராவோ" என்ற அனுமதி வார்த்தை காதில் விழாமல் உள்ளே போகக் கூடாது. அது விழுந்தது, கோல்டன் கேட் பாலமும் அல்கட்ராஸ் தீவும் இறக்கைக்குக் கீழே வந்தன. திரும்பும்போது ஜூன் வெயிலில் காய்ந்து மஞ்சளாகக் கிடந்த குன்றுகளைப் பார்த்து அக்கா, "மரமில்லா மலைன்னு நம்மூரைத்தானேடா சொல்வாங்க" என்றாள்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். மூன்று வாரத்துக்குக் குறைவான லீவு என்றால் இந்த வம்பே வேண்டாம், இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு மணி நேரம் ஏறுங்கள், அதற்கு எஃப்ஏஏ காகிதம் எதுவும் தேவையில்லை. அடுத்த தடவை அம்மாவையும் ஏற்ற வேண்டும் என்கிறாள் அக்கா. பெட்ரோலைப் பாதியாகக் குறைத்தால் பார்க்கலாம்.