உபுண்டுவா, மின்ட்டா, டெபியனா: வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும். இன்டெலின் ஏழாம் தலைமுறைச் செயலிகளில் பெரும்பாலானவை அதன் பட்டியலிலேயே இல்லை. நன்றாக ஓடும் கணினியை இதற்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது அநியாயம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம் என்று துணிந்தவரிடம் பெரும்பாலும் மூன்று பெயர்களைச் சொல்வார்கள்: உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன். டெபியனிலிருந்து உபுண்டு வந்தது, உபுண்டுவிலிருந்து மின்ட் வந்தது.

நிறுவும் வேலையை வைத்து முதல் இரண்டையும் தரம் பிரிக்க முடியாது. நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் போதும். மீதியைத் திரையே கேட்டுக்கேட்டுச் செய்துவிடும். வேறுபாடு அன்றாடப் பயன்பாட்டில்தான் தெரியும்.

பழைய கணினி என்றால் என் வாக்கு மின்ட்டுக்கே. உபுண்டு 24.04-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும் என்கிறார்கள். மின்ட் 2 ஜிபியிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஸ்னாப் என்ற மென்பொருள் பொதி வடிவத்தில் வருகிறது. சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அதை முதல்முறை திறக்கும்போது காத்திருக்க வேண்டியிருக்கும். மின்ட் 2020-இல் வெளியான 20-ஆம் பதிப்பிலேயே ஸ்னாப்பை விலக்கிவிட்டது. உலாவியை வழக்கமான டெப் பொதியாகவே தருகிறது. கணினி மிகவும் மெதுவானது என்றால் மின்ட்டின் சினமன் திரைச்சூழல் பதிப்புக்குப் பதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்குங்கள். அதோடு ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டியும் வாங்கிப் பொருத்துங்கள். எந்த லினக்ஸைத் தேர்ந்தாலும் வேகத்தில் அவ்வளவு பெரிய மாற்றம் வேறெதிலும் கிடைக்காது.

வீட்டில் பெரியவர்களும் அதே கணினியைத் தொடுவார்கள் என்றால் சினமன் பெரிய உதவி. இடது கீழ் மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். உபுண்டுவின் க்னோம் திரை அழகானது, ஆனால் புதிதாகப் பழக வேண்டும்.

புதுப்பித்தலில் இரண்டும் வேறு வழியில் போகின்றன. உபுண்டு பாதுகாப்புத் திருத்தங்களைக் கேட்காமலே நிறுவிவிடும். கணினியைக் கவனிக்க ஆளில்லாத வீட்டுக்கு இது நல்லது. மின்ட், புதுப்பிப்பு வந்திருப்பதைக் காட்டிவிட்டு உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும். ஆனால் கணினியின் நிலையைப் பதிந்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி மின்ட்டோடு சேர்ந்தே வருகிறது. அதை முதல் நாளே இயக்கி வைத்தால், ஒரு புதுப்பிப்பு எதையாவது கெடுத்தாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். புதியவருக்கு இதைவிடத் தைரியம் தருவது வேறில்லை. டைம்ஷிஃப்ட் கணினி அமைப்பைத்தான் காக்கும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தனியாகப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த் தட்டச்சில் உபுண்டு முந்துகிறது. இரண்டிலும் தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவ வேண்டும். உபுண்டுவில் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைச் சேர்த்துவிடலாம். மின்ட்டில் உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். இந்தப் பொதி இல்லாமலும் ஒரு தமிழ் விசையமைப்பு கிடைக்கும். ஆனால் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99-இன் அருமையான விதி அதில் வேலை செய்யாது.

புத்தம்புதிய மடிக்கணினி என்றாலும் உபுண்டு பக்கமே போவேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய பதிப்பு வருவதால், சமீபத்திய வைஃபை, கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கான ஆதரவு விரைவில் வந்து சேரும்.

டெபியன் தமிழகத்துக்குப் புதிதல்ல. மாணவர்களுக்குத் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு இருந்த பாஸ் லினக்ஸ், டெபியன் அடிப்படையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியதுதான். உறுதியில் டெபியனை மிஞ்ச முடியாது. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் வைஃபை சில்லை இயக்கும் ஃபர்ம்வேரும் நிறுவியோடே வருகிறது. ஆனாலும் நிறுவும்போது ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் கொடுத்துவிட்டால், உங்கள் கணக்குக்கு சூடோ என்ற நிர்வாக உரிமை கிடைக்காது. இணையத்தில் படிக்கும் கட்டளைகளில் பாதி ஓடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் சிக்கலில்லை. இப்படிப்பட்ட நுணுக்கங்களால், அதை இரண்டாவது லினக்ஸாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எதைத் தேர்ந்தாலும், நிறுவும் பொத்தானை அழுத்தும் முன் பென்டிரைவிலிருந்தே சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் சோதியுங்கள். வைஃபை பிடிக்கவில்லையென்றால் கைப்பேசியை யுஎஸ்பி வழியே இணைத்து இணையம் பெற்று, டிரைவரை நிறுவலாம். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் தொடக்க வசதியை அணைத்துவிட வேண்டும். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே, ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.