பனிச்சரிவு செட் வாடகைக்கு எடுத்தோம், இலவம் பஞ்சில் ஒத்திகை பார்த்தோம்

போன பிப்ரவரியில் போடியிலிருந்து நாங்கள் மூன்று பேர் பனிச்சறுக்குக்காக காஷ்மீரில் இருக்கிற குல்மார்க் போனோம். கொண்டோலாவில் (கேபிள் கார்) ஏறி, அபர்வாட் மலையில் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே இருக்கிற சரிவுகளில் வழிகாட்டியோடு இறங்குவது திட்டம். 2016இல் சியாச்சின் பனிச்சரிவில் இறந்த 10 வீரர்களில் ஒருவர் எங்கள் தேனி மாவட்டத்துக்காரர், அதனால் வீட்டில் அம்மாவிடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை. அம்மாவைச் சமாதானப்படுத்தவும் சேர்த்துத்தான் ஆன்லைன் கடை ஒன்றில் (பெயர் வேண்டாம், சண்டை இன்னும் ஓயவில்லை) மூன்று செட் வாடகைக்கு எடுத்தோம். புதைந்தவரைத் தேட சிக்னல் விடும் பீக்கன், பனிக்குள் குத்திப் பார்க்கிற ப்ரோப் கம்பி, தோண்ட மண்வெட்டி சேர்ந்தது ஒரு செட். 10 நாளைக்கு 9,000 ரூபாய், முன்பணம் 15,000.

பீக்கனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடம்போடு கட்டிக்கொண்டால் 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கும், ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடுவதற்கு மாற்றி அம்புக்குறியையும் மீட்டர் எண்ணையும் பார்த்துப் போகவேண்டும். போடியில் பனிக்கு எங்கே போவது? மாப்பிள்ளையின் இலவம் பஞ்சு குடோனில் ஒன்றைப் புதைத்துத் தேடினோம். வாட்ச்மேன் அண்ணன், "ஏம்ப்பா, நகை கிகை விழுந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முதல் தடவை 11 நிமிடம்! சிக்னல் வளைந்து வருவதால் அம்பும் வளைத்து வளைத்துத்தான் கூட்டிப்போகும், நான் அதை நம்பாமல் நேராக நடந்தேன், போதாததற்கு சட்டைப்பையில் போன் வேறு. தேடும்போது போன் அரை மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும், அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. எட்டாவது தடவை மூன்று நிமிடத்துக்கு வந்தது. புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு, அப்புறம் மூச்சுத் திணறலில் மளமளவென்று குறைந்துவிடும், அதில் 11 நிமிடத்தைத் தேடியே தீர்த்தால் தோண்டுவது எப்போது?

தோண்டுவது என்றதும் கடைக்காரர் ஞாபகம் வருகிறது. அனுப்பியது பிளாஸ்டிக் மண்வெட்டி. சரிந்து நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், அலுமினியம்தான் வேண்டும் என்று போனில் சொன்னால், "சார், எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க" என்கிறார். பீக்கனுக்குள் போட்டிருந்தது ரீசார்ஜ் பேட்டரி, கையேட்டிலோ அல்கலைன் மட்டும் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ரீசார்ஜ் பேட்டரி போட்டால் காட்டும் சதவீதத்தை நம்ப முடியாது, திடீரென்று படுத்துவிடும். பேட்டரியை நாங்களே வாங்கிப் போட்டோம், மண்வெட்டியை குல்மார்க்கில் மாற்றினோம். ப்ரோப் பரவாயில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி முழுக்கப் பனியும் காற்றும். 30 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள எதிலும் கால் வைக்கக்கூடாது என்று வழிகாட்டி கறாராகச் சொல்லிவிட்டார். 30 முதல் 45 வரைதான் அதிகம் சரிகிற சாய்வு, காற்று பனியைக் கொண்டுவந்து குவித்த பக்கம் இன்னும் மோசம், மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட பனிச்சரிவில்தான் மாட்டுகிறார்களாம். மாப்பிள்ளை, "அதான் மிஷின் இருக்கே" என்று இழுத்தான். வழிகாட்டி அவனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்குத் தணிவான சரிவிலேயே விளையாடினோம், பயணம் முடிகிறவரை பீக்கனுக்கு வேலை வரவில்லை.

பீக்கனுக்கு ஐந்து நட்சத்திரம், கடைக்கு இரண்டு. முன்பணத்தில் 600 ரூபாய் பிடித்துவிட்டார்கள். காரணம், வார்ப்பட்டையில் பஞ்சு ஒட்டியிருந்ததாம்.