மாற்று இதயத்தின் நிலையை எது சொல்லும்: சதைத் துணுக்கா, ரத்தமா?

பாலக்கோட்டு அண்ணன் ஒருவருக்குச் சென்னையில் மாற்று இதயம் பொருத்திப் பதினான்கு மாதம் ஆகிறது. தருமபுரியில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மாதம் ஒருமுறை வருவார். போன தடவை அண்ணி கேட்டார்: “தம்பி, ஒவ்வொரு வாட்டியும் சென்னைக்குக் கூப்பிட்டுக் கழுத்து வழியா சதை எடுக்கறாங்க. அதையே இங்க ரத்தத்துல பார்த்துடக் கூடாதா?” போக முந்நூறு கிலோமீட்டர், வர முந்நூறு. நோய் எதிர்ப்பு சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருக்கும் மனிதரை இரவுப் பேருந்தில் கூட்டிப் போகும் பயம் அவருக்குத்தான் தெரியும். அன்று அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் பயாப்ஸி. 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் பிலிப் கேவ்ஸ் கொண்டுவந்த முறை இது. கழுத்து ரத்தக் குழாய் வழியாக மெல்லிய இடுக்கியை வலது கீழறைக்குள் செலுத்தி, எள்ளளவு துணுக்குகள் நாலைந்து எடுப்பார்கள். உடல் அந்த இதயத்தை அந்நியமாகக் கருதித் தாக்குகிறதா (இதைத்தான் நிராகரிப்பு என்பார்கள்) என்பதை நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் போடுவார்கள். எந்த வகைத் தாக்குதல் என்பதையும் கண்ணால் பார்க்க முடிவதுதான் இதன் பலம். ஆனால் தாக்குதல் இதயம் முழுக்க ஒரே சீராக இருக்காது. எடுத்த துணுக்கில் ஒன்றும் இல்லாமல், பக்கத்தில் இருக்கலாம். ஒரே துணுக்குக்கு இரண்டு நோய்க்குறியியல் மருத்துவர்கள் வேறு வேறு தரம் போடுவதும் உண்டு. அடிக்கடி எடுத்தால் இதயத்தின் வலது பக்கத்து மூவிதழ் வால்வு காயப்படும் ஆபத்தும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, சதையில் தெரியும்போது சேதம் ஆரம்பித்திருக்கும்.

இதற்கு மாற்றாக முதலில் வந்தது மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை. ஆலோமேப் என்பது அதன் வணிகப் பெயர். ரத்த வெள்ளணுக்களில் 20 மரபணுக்கள் எவ்வளவு முனைப்பாக இருக்கின்றன என்று அளந்து, 0 முதல் 40 வரை ஒரு மதிப்பெண் தரும். 2010-ல் வெளியான இமேஜ் ஆய்வில் 602 பேர் இருந்தார்கள். இந்த முறையில் கண்காணிக்கப்பட்டவர்கள், பயாப்ஸியில் கண்காணிக்கப்பட்டவர்களைவிட மோசமாகிவிடவில்லை. பயாப்ஸியோ ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று என்பதிலிருந்து, சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று குறைந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் அறுவை முடிந்து ஆறு மாதமாவது கடந்தவர்கள். ஸ்டீராய்டு அளவு மாறினாலும் மதிப்பெண் ஆடும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது அடுத்தது. கொடுத்தவரின் இதயச் செல் சிதையும்போது அவருடைய டிஎன்ஏ துண்டுகள் வாங்கியவரின் ரத்தத்தில் மிதக்கும். மொத்தத் துண்டுகளில் அவை எத்தனை சதவீதம் என்று பார்த்தால், இதயம் அடிபடுகிறதா என்று தெரியும். 2021-ல் வந்த கிராஃப்ட் ஆய்வில் எல்லைக்கோடு 0.25 சதவீதம். அதற்குக் கீழே இருந்தால் நிராகரிப்பு இல்லை என்பது 99 சதவீதம் சரியாக இருந்தது. உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி வழி நிராகரிப்பில், பயாப்ஸி சொல்வதற்கு மூன்று மாதம் முன்பே இது ஏறியது. அதே சமயம் எண் ஏறினால் ‘அடிபடுகிறது’ என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. அதற்கு மறுபடி பயாப்ஸிக்குத்தான் போக வேண்டும்.

நான் ரத்தம் எடுக்கிறவன் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இந்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் எடுத்து நாள் கணக்கில் வைத்திருந்தால் நோயாளியின் சொந்த வெள்ளணுக்கள் உடைந்து அவருடைய டிஎன்ஏ பெருகிவிடும், கொடுத்தவரின் பங்கு பொய்யாகக் குறைந்து தெரியும். ஆபத்தை நலம் என்று காட்டும் பிழை அது. செல் உடையாமல் காக்கும் தனிக் குழாய் வேண்டும். அது கைவசம் இல்லாத இடத்தில் எடுக்கவே கூடாது.

இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனினும், இதயம் திணறும்போது சுரக்கும் பிஎன்பியும் நம் ஊரிலேயே பார்க்கக்கூடியவை. மாற்று இதயம் நன்றாக இருப்பவருக்கும் பிஎன்பி சற்று உயர்ந்தே இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும். அதனால் ஒரு தடவை எண்ணைப் பார்த்துப் பயப்படுவதிலோ நிம்மதியடைவதிலோ பொருள் இல்லை, அவருடைய பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். கொடுத்தவருக்கு எதிரான ஆன்டிபாடி பரிசோதனை வேறு ரகம். அது இன்றைய நிலையைவிட வரும் ஆண்டுகளைப் பற்றியது. புதிதாக ஆன்டிபாடி உருவானவர்களுக்குப் பின்னாளில் இதய ரத்தக் குழாய்கள் தடிக்கும் வாய்ப்பு கூடுதல். மாற்று இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் அடைப்பு வந்தாலும் பலருக்கு நெஞ்சு வலிக்காது. ‘வலி இல்லையே’ என்று அண்ணி நிம்மதியாகச் சொன்னபோது இதைத்தான் முதலில் விளக்கினேன்.

சரி, அண்ணிக்கு என் பதில் என்ன? அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் பயாப்ஸியை விட முடியாது. அதற்கப்புறம் நிலையாக இருப்பவருக்கு, டிஎன்ஏ பரிசோதனை ‘இல்லை’ என்று சொன்னால் ஒரு பயணத்தைத் தவிர்க்கலாமா என்று சென்னை மருத்துவரிடம் தைரியமாகக் கேளுங்கள். முடிவு அவருடையது.

ஆனால் என் கண்ணில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது டாக்ரோலிமஸ் அளவு. நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. அளவு குறைந்தால் இதயத்துக்கு ஆபத்து, கூடினால் சிறுநீரகத்துக்கு. மாதாமாதம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும் நல்ல அறிகுறி இல்லை. பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் அதை ஏற்றும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கும், பம்பளிமாஸ் பழமும் வயிற்றுப்போக்கும்கூட ஏற்றும். முந்தைய இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. போன மாதம் அண்ணன் காலை ஆறு மணிக்கே மாத்திரை போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வந்தார். எண் எக்கச்சக்கமாக வந்தது. நான் நேரம் கேட்காமல் விட்டிருந்தால், அதை நம்பி மருந்தைக் குறைத்திருப்பார்கள்.

வரும் புதன்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இரவு மாத்திரை சரியாக எட்டுக்கு. காலை மாத்திரை அண்ணியின் பையில் இருக்கும், ஊசி எடுத்த பிறகு இங்கேயே தண்ணீர் தருகிறேன்.