‘மியூசிக் தெரபி கிட்’ வாங்கலாமா? குழந்தைகள் இல்லங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

‘மியூசிக் தெரபி கிட்’ என்ற பெயரில் 20, 25 தாளக் கருவிகளை ஒரு ஜிப் பையில் அடைத்து விற்கிறார்கள். பெரும்பாலும் பள்ளி இசை வகுப்புக்கு விற்கிற அதே பைதான், மேலே ஒட்டிய பெயர் மட்டும் வேறு. குழந்தைகள் இல்லங்களில் வேலைக்குச் சேரும் புது இசை சிகிச்சையாளர்கள் பலர் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். உள்ளே இருப்பதில் பாதி அங்கே உதவாது. கருவிகள் மட்டம் என்று சொல்ல வரவில்லை. வீட்டைப் பிரிந்து, பத்துப் பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்து வாழும் குழந்தையின் கையில் அவை என்ன ஆகும் என்று யாரும் யோசித்து அடுக்கவில்லை.

அங்கே ஒரு கருவி நாலு விஷயங்களைத் தாங்க வேண்டும். அது வீசப்படும். சட்டைப் பைக்குள் போகும். அடுத்தடுத்து பல கைகளும் சில வாய்களும் அதைத் தொடும். நாலாவதுதான் முக்கியம்: அது திடுக்கிட வைக்கக் கூடாது. சத்தம் என்றாலே சண்டை என்று பழகிய குழந்தைக்கு, பின்னாலிருந்து வரும் ஒரு ‘டங்’ போதும், அன்றைய அமர்வு அதோடு முடிந்தது.

இந்தக் கணக்கில் முதலில் வெளியே போவது டிரையாங்கிள், அதாவது கம்பியால் தட்டும் முக்கோண உலோகக் கருவி. கூர்மையான ஒலி, கையால் பிடித்தால் ஒழிய அடங்காது, அடிக்கும் கம்பி நேராகக் கண் உயரத்தில் ஆடும். விசில், கஸூ (வாயில் வைத்து முனகி வாசிக்கும் சின்னக் குழல்) போன்ற வாயில் வைக்கும் சாமான்களும் வேண்டாம். ஆளுக்கு ஒன்று கொடுத்து, பெயர் எழுதி, ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவ முடிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டும் சலங்கையை இழுத்துப் பாருங்கள். மணிகளை நூலில் தைத்திருந்தால் ஒரு மாதம்கூட வராது. 3 வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. கழன்ற சலங்கை மணி தாராளமாக அடங்கும்.

எக் ஷேக்கர், அதாவது முட்டை வடிவக் கிலுகிலுப்பை, நல்ல பொருள். பிடிக்கச் சுலபம், தவறாக வாசிக்கவே முடியாது. ஆனால் மலிவான பைகளில் வருவது நடுவில் ஒட்டிய இரண்டு பாதி ஓடுகள். இரண்டு கட்டைவிரலையும் இணைப்பின் மேல் வைத்து அழுத்துங்கள். ‘கிரீச்’ என்றால் அடுத்த முறை தரையில் விழும்போது உள்ளே உள்ள குருணை சிதறும். ஒலி ஒன்றுபோல இருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள். ஒரே பையில் இருக்கும் ஆறும் ஆறு விதமாகச் சத்தம் போட்டால், குழந்தைகள் ‘நல்லது’ ஒன்றைக் கண்டுபிடித்து அதற்காக அடித்துக்கொள்வார்கள்.

இவற்றைப் பைக்குள் போட்டு வைக்காமல் முட்டை வைக்கும் தட்டில் அடுக்குங்கள். குழி காலியாக இருந்தால் எல்லோருக்கும் தெரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒன்று குறைந்தாலும் பையைத் தடவிப் பார்க்கக் கூடாது, இல்லப் பணியாளரிடம் புகாராகவும் போகக் கூடாது. தனக்கென்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாத குழந்தை ஒரு வாரம் முழுக்க ஒரு முட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தால், அது அமர்வைப் பற்றி நமக்குச் சொல்லும் செய்தி. ‘அடுத்த வாரம் அதையும் கூட்டிக்கொண்டு வா’ என்று பொதுவாகச் சொன்னால் பல சமயம் திரும்பி வரும். தண்டனை எதுவும் இருக்காது என்று பணியாளர்களிடம் முதல் வாரமே பேசி வைத்துவிட வேண்டும். உதிரியாக இரண்டு வாங்கி வைப்பது நல்லது.

பையிலேயே சிறந்ததும், தவறாகக் கையாண்டால் மோசமானதும் ஓஷன் டிரம், கடலலை போல ஒலிக்கும் டிரம். இரண்டு தோல்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான சின்ன உலோக மணிகள். மேல்தோல் கண்ணாடி போலத் தெரியும், மணிகள் உருள்வதைப் பார்க்கலாம். பைகளில் வருவது சுமார் 25 செ.மீ. அகலம். அதில் அலை எழுமுன்னே கரை சேர்ந்துவிடும். 40 செ.மீ. அளவைத் தனியாக வாங்குங்கள், அதில்தான் ஒரு மூச்சு நீளத்துக்கு அலை கிடைக்கும். ஆட்டினால் காதைக் குத்துகிற இரைச்சல், சாய்த்தால் கடல். முதலில் மட்டமாகப் பிடித்து மணிகள் அடங்கக் காத்திருங்கள். ஒரு விளிம்பை இரண்டு விரல் உயரம் தூக்கி, 4 எண்ணும் நேரம் இந்தப் பக்கம், 6 எண்ணும் நேரம் அந்தப் பக்கம் உருட்டுங்கள். ‘மூச்சை விடு’ என்று சொல்லவே வேண்டாம். நீளமான அலையோடு பெரும்பாலும் மூச்சும் நீள ஆரம்பிக்கும். இரைச்சல் அதிகம் என்று காதைப் பொத்தினால் அடித்தோலுக்குக் கீழே மடித்த துண்டை வைத்துப் பாருங்கள், பாதி அடங்கும். குச்சியால் அடிக்க விடாதீர்கள். மேல்தோல் விளிம்பில்தான் முதல் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே ஒருநாள் மணிகள் எல்லாம் தரையில். கீறல் கண்ட அன்றே ஓரம் கட்டுங்கள், டேப் ஒட்டி நாள் ஓட்டாதீர்கள்.

பூம்வேக்கர் எனும் வண்ணக் குழாய்கள் ஒலியில் அழகு. ஆனால் 60 செ.மீ. நீளக் குழாயை எட்டு வயதுப் பையன் கையில் கொடுத்தால் அது வாள். பெரிய குழுவில் வேண்டாம். தனி அமர்வில், தரையில் கிடத்திக் கையால் தட்டலாம். ஒரு முனையை மூடியால் அடைத்தால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அந்த மாயம் ஒன்றுக்காகவே சில குழந்தைகள் மறுபடி வருவார்கள்.

கிட்டில் வரும் பொம்மை கிளாக்கன்ஸ்பீலை (உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டும் கருவி) கடாசிவிட்டு, கட்டைகள் கழற்றி மாட்டக்கூடிய ஆல்டோ சைலபோன் (அதே மாதிரி, ஆனால் மரக்கட்டைகள் கொண்ட, நடுத்தரச் சுருதிக் கருவி) ஒன்று வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். எஃப், பி சுரங்களுக்கான கட்டைகளை எடுத்துவிட்டால் மிச்சம் சி, டி, இ, ஜி, ஏ. எதை எதோடு அடித்தாலும் உறுத்தாது. ‘தப்பாகிவிட்டதா?’ என்று முகம் பார்க்கும் குழந்தைக்கு இது பெரிய விடுதலை. கட்டையைக் கழற்றும்போது இரண்டு முனையையும் ஒருசேர நேராகத் தூக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் நெம்பினால் உள்ளே உள்ள ஆணி வளையும், ரப்பர் உறை கிழியும். கட்டை தாங்கி நிற்க வேண்டிய இடம் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதம். அங்கே அதிர்வு மிகக் குறைவு. உறை நகர்ந்து கட்டை வேறு இடத்தில் படிந்தால் ‘டொக்’ என்று செத்த ஒலி வரும். கட்டை பழுது என்று பலர் திருப்பி அனுப்புவது இந்தக் கோளாறைத்தான். குச்சியின் தலை நடுத்தர ரப்பராக இருக்கட்டும், பிடி தடிமனாக இருக்கட்டும்.

டிரம் விஷயத்தில் கிட் முழுத் தோல்வி. நாலு குட்டி டிரம் தருகிறார்கள். நாலு பேர் நாலு மூலையில் அடிப்பார்கள். சின்ன அறையில் சத்தம் 85 டெசிபலை எளிதாகத் தாண்டும். பெரியவர்களுக்கே வேலையிடத்தில் 8 மணி நேரத்துக்குப் பல நாடுகளில் வைத்திருக்கும் வரம்பு அது. பதிலாக, உட்கார்ந்து சுற்றி வாசிக்கிற ஒரே பெரிய தாழ்வான டிரம் எடுங்கள். ஒருவர் அடிப்பது அடுத்தவர் உள்ளங்கைக்கு அதிர்வாகப் போகும், பேசாமலே உரையாடல் ஆரம்பமாகும். செயற்கைத் தோல் போதும். ஆட்டுத்தோல் ஈரக்காற்றில் தொளதொளக்கும். குழந்தை வேகமாக அடித்தால் அதே வேகத்தில் சேர்ந்து அடியுங்கள். இருவரும் ஒட்டிய பிறகே மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். ஐசோ கொள்கை என்று பாடத்தில் படித்தது இதுதான். குறைத்ததும் குழந்தை கூட வரவில்லையென்றால் நாம் அவசரப்பட்டுவிட்டோம், திரும்பிப் போய்ச் சேர வேண்டும். தொடங்கும் முன் கட்டைவிரலைத் தூக்கி அடிக்கச் சொல்லிக் கொடுங்கள். விளிம்பில் கட்டைவிரல் பட்டு வலித்தால் டிரம் மேல் கோபம் திரும்பும்.

கிட்டார் எந்தப் பையிலும் வராது, ஆனால் தேவை. நைலான் தந்தி வகை. நைலானுக்கென்று செய்த கிட்டாரில் ஸ்டீல் தந்தி மாட்டினால் இழுவிசையில் பிரிட்ஜ் (தந்திகளை உடலோடு பிடித்திருக்கும் பட்டை) பெயரும். ஆறாவது தந்தியை இ-யிலிருந்து டி, ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி, முதலாவதை இ-யிலிருந்து டி என்று இறக்கினால், வெறுமனே மீட்டினாலே ஜி மேஜர் என்ற இசைவான சுரக் கூட்டு முழங்கும். இடது கையே வேண்டாம், குழந்தை மீட்ட நாம் பாடலாம். மாற்றிய தந்தியின் வெட்டுத் துண்டுகளையும், உதிரித் தந்தியையும், தோள்வாரையும் எண்ணி உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். இல்லத்தில் கம்பியும் வாரும் கேட்பாரற்றுக் கிடக்கக் கூடாது.

பதின்ம வயதினர் முட்டையையும் சலங்கையையும் ‘சின்னப் பசங்க சாமான்’ என்று ஒதுக்குவார்கள். அவர்களுக்கு ஒரு சாதாரண மைக்கும், இணைய இணைப்பைத் துண்டித்த டேப்லெட்டும் போதும். தாளம் போட்டு, வரி எழுதி, பதிவு செய்யலாம். கோப்பில் பெயர் வேண்டாம், ஒரு எண் போடுங்கள். காகிதப் பிரதி ஒன்றையும் அன்றன்றே கையில் கொடுத்துவிடுங்கள். இல்லம் மாற்றும் உத்தரவு முன்னறிவிப்பின்றி வரும். ‘கடைசி அமர்வில் தருகிறேன்’ என்று வைத்திருந்த பாட்டு அலமாரியிலேயே தங்கிவிடும்.

கடைசியாக அந்தப் பை. ஜிப் இழுக்கும் சத்தமே அமர்வு முடிந்ததாக அறிவிக்கிறது, சிலர் அதைக் கேட்டதும் கருவியை வீசுவார்கள். மேலே திறக்கிற, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். மூடியின் உள்பக்கம் பொருள்களின் படம் ஒட்டுங்கள். அடுக்கும் வரிசை ஒவ்வொரு வாரமும் மாறாமல் இருக்கட்டும்: டிரம், சைலபோன், முட்டைத் தட்டு, கடைசியில் ஓஷன் டிரம், அதுவும் மணிகள் முழுதாக அடங்கிய பிறகு.