அளவுசாடியா, பிப்பெட்டா?

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் 20 மி.லி. கரைசல் எடுக்கச் சொன்னால், கையருகே இருக்கும் அளவுசாடியிலேயே ஊற்றிவிடலாம் என்று தோன்றும். ஊற்றலாம்தான், ஆனால் தரம் பார்க்கும்போது, அதாவது ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலைக் கொண்டு கண்டுபிடிக்கும் டைட்ரேஷனில், மாட்டிக்கொள்வீர்கள். துல்லியம் கூடிய 'ஏ' வகை என்று முத்திரை பெற்ற 25 மி.லி. சாடியிலேயே 0.25 மி.லி. வரை கூடக்குறைய இருக்கலாம். திரவத்தை உறிஞ்சி எடுத்துவிடும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டில், அதே வகையில், அது வெறும் 0.03 மி.லி.

காரணம் கழுத்தில் இருக்கிறது. பிப்பெட்டின் வயிறு உப்பலாக இருந்தாலும் கோடு போட்ட இடம் ஒல்லி. அங்கே ஒரு சொட்டு கூடினாலும் மட்டம் சட்டென்று ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். அகலமான சாடியில் அதே சொட்டு கண்ணுக்கே தெரியாது. அப்புறம், சாடி பொதுவாகத் தனக்குள் இருப்பதைத்தான் அளக்கிறது. சாய்த்து ஊற்றினால் கொஞ்சம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிப்பெட்டோ வெளியே விடும் அளவுக்கென்றே கோடிடப்பட்டது. அதனால்தான் முனையில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது. முனையைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்தால் போதும். வாயால் உறிஞ்சும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், ரப்பர் பல்பு இருக்கிறது.

தண்ணீரென்றால் இரண்டிலும் நீர்மட்டம் குழிந்து நிற்கும் வளைவின் அடிமட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, சாடி எதற்கு? பிப்பெட்டுக்குள் கல்லைப் போட முடியாதே! ஒழுங்கற்ற கல்லைப் போட்டு, 50 மி.லி. நீர் 62-க்கு ஏறினால் கல்லின் கன அளவு 12 கன செ.மீ. கல்லுப்பு என்றால் தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள், அதில் கரையாது.