செக்குக் கடலை எண்ணெய்க்கு எந்தத் தெளிப்பான் ஒத்துவரும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விளையும் நிலக்கடலையைச் செக்கில் ஆட்டி, கேனில் பிடித்து வந்து மாதக்கணக்கில் புழங்குகிற வீடுகள் அரூரிலும் பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் இன்றும் நிறைய இருக்கின்றன. எண்ணெயைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதாலோ, புதிதாக ஏர் ஃப்ரையர் வாங்கியதாலோ, அந்த வீடுகளுக்குள் இப்போது எண்ணெய் தெளிப்பானும் வந்துவிட்டது. ஆனால் வந்த வேகத்திலேயே அது அடைத்துக்கொண்டு அலமாரியின் மூலைக்குப் போய்விடுவதையும் பார்க்கிறோம். எந்த எண்ணெயை ஊற்றப்போகிறோம் என்று யோசிக்காமல் பாட்டிலின் அழகைப் பார்த்து வாங்குவதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. அதனால் கடைகளில் கிடைக்கும் இரண்டு வகைத் தெளிப்பான்களையும், நம் வீடுகளில் காலங்காலமாக இருந்துவரும் கரண்டியையும் வெங்காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

முதல் வகை, காற்றை அழுத்தித் தெளிப்பது. அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ ஆன உருளையில் பாதி அளவுக்கு மட்டும் எண்ணெய் ஊற்றி, மூடியைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழுமாக இழுத்து அழுத்தினால், மீதிப் பாதியில் இருக்கும் காற்று நெருக்கப்பட்டு, மேலே உள்ள பொத்தானை அழுத்தியதும் எண்ணெயைப் புகைபோல வெளியே தள்ளுகிறது. பாதிக்கு மேல் ஊற்றினால் காற்றுக்கு இடமிருக்காது. புகையாக வர வேண்டியது கோடாக வடியும். நன்றாக வேலை செய்யும்போது இதற்கு ஈடு வேறெதுவும் இல்லை: இட்லித் தட்டின் குழிகளில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய படலமாகப் பரவும், ஏர் ஃப்ரையரில் வைத்த உருளைக்கிழங்குத் துண்டுகள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நனையும். குறை என்னவென்றால், அதன் முனையில் உள்ள துளை மிக நுண்ணியது. உறிஞ்சுகுழாயின் அடியில் உள்ள வடிகட்டியும் சிறியது. கசடு கொஞ்சம் வந்தாலும் இரண்டில் ஒன்று அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வகை, விசையை இழுத்துத் தெளிக்கும் கண்ணாடி பாட்டில். விசையை இழுக்கும்போது உள்ளே இருக்கும் சிறு தண்டு எண்ணெயை முன்னே தள்ளுகிறது. விடும்போது சுருள்வில் தண்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி, அடுத்த இழுப்புக்கான எண்ணெயை மேலேற்றுகிறது. ஏறிய எண்ணெய் திரும்பிக் கீழே இறங்காமல் ஒரு சிறிய குண்டுமணி தடுக்கிறது. இதில் வரும் தூறல் முதல் வகையைவிடத் தடிப்பானது. நடுவில் பெரிய துளிகளாகவும் ஓரத்தில் பொடித் துளிகளாகவும் விழும். அதே சமயம் துளை சற்றுப் பெரியது என்பதால் பிசுப்பான எண்ணெயையும் இது சமாளித்துவிடும். ஒரு இழுப்புக்கு இவ்வளவு என்ற கணக்கும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியில் பத்து இழுப்புகளை அடித்துப் பார்த்தால், நம் பாட்டில் எத்தனை மில்லி கொடுக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த அளவு முக்கியமானது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி எண்ணெயின் எடை சுமார் 4.6 கிராம், அதில் ஏறத்தாழ 40 கிலோகலோரி இருக்கிறது. தெளிப்பானைக் கையில் எடுத்துவிட்டாலே எண்ணெய் குறைந்துவிட்டது என்று நினைத்துத் தாராளமாக அடித்துக்கொண்டே போனால், கரண்டியில் ஊற்றியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

இனி எண்ணெயின் குணத்துக்கு வருவோம். சமையல் எண்ணெய் எதுவாக இருந்தாலும் தண்ணீரைவிடப் பல மடங்கு பிசுப்பானது. அதனால்தான் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் அதை ஊற்றினால் தூறலாக வராமல் பீய்ச்சி அடிக்கிறது. கடையில் வாங்கும் சுத்திகரிக்கப்பட்ட சூரியகாந்தி எண்ணெயில் கசடு இல்லை. இரண்டு வகைத் தெளிப்பானிலும் அது தடையின்றி வரும். செக்கிலிருந்து நேராக வந்த கடலை எண்ணெய் அப்படியல்ல. கேனை இரண்டு நாள் அசைக்காமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், மேலே பொன்னிறமாகத் தெளிந்தும், அடியில் கலங்கிய மஞ்சளாக மண்டி படிந்தும் நிற்கும். கடலையின் மிக நுண்ணிய துகள்களே அந்த மண்டி. குழம்புக்கு ஊற்றும்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தெளிப்பானுக்குள் போனால் அதுதான் முதல் பகை. மாந்தோப்புக்கு மருந்து அடிக்கிற விவசாயி தொட்டித் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் தெளிப்பானில் ஊற்ற மாட்டார். அதே எச்சரிக்கை அடுப்படியிலும் வேண்டும். தெளிந்த மேல் எண்ணெயை மட்டும் சாய்த்து, நன்றாகக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து, அதன் வழியே வடித்து ஊற்ற வேண்டும். நல்லெண்ணெய்க்கும் இதுவே வழி. ஆட்டும்போது கருப்பட்டியோ வெல்லமோ சேர்ப்பதால், அதில் மண்டி சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

தேங்காய் எண்ணெயின் பாடு வேறு. அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். தர்மபுரியின் கோடையில் இது யார் நினைவுக்கும் வராது. ஆனால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் குழாய்க்குள்ளேயே எண்ணெய் இறுகிவிடும். உறைந்திருப்பது தெரியாமல் விசையை வலுக்கட்டாயமாக இழுத்தால் உள்ளே இருக்கும் தண்டு பழுதாகலாம். மேட்டு நிலத்தில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெயைத் தெளிப்பானில் ஊற்றாமல் இருப்பதே நல்லது.

இவற்றோடு கரண்டியையும் வெங்காயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றை ஒதுக்கிவிட்டுச் செய்கிற ஒப்பீடு நம் அடுப்படிக்குப் பொருந்தாது. பாதியாக வெட்டிய சின்ன வெங்காயத்தைக் கம்பியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, இரும்புத் தோசைக்கல்லில் தேய்க்கும்போது, எண்ணெய் மெல்லிய பூச்சாகப் படிவதோடு, முந்தைய தோசையின் ஒட்டலும் பெயர்ந்து வருகிறது. தெளிப்பானால் இந்த இரண்டாவது வேலையைச் செய்ய முடியாது. முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடைக்கும் தெளிப்பான் போதாது. கையால் தட்டிய அடை தடிப்பானது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு வெந்தும் வர வேண்டுமானால், நடுவில் விரலால் போட்ட துளைகளிலும் ஓரத்தைச் சுற்றியும் எண்ணெய் இறங்கி நிற்க வேண்டும். அதன்மேல் தூறலை அடித்தால் மேற்பரப்பு மட்டும் நனைந்து, அடை வறண்டு வெடிக்கும். தாளிப்பிலும் அப்படித்தான்: கடுகு மூழ்கும் அளவுக்கு எண்ணெய் இல்லையென்றால் அது பொரியாமல் கருகும். மாறாக, மெல்லிய சப்பாத்திக்கும் இட்லித் தட்டுக்கும் ஏர் ஃப்ரையருக்கும் தெளிப்பானே மேல். குழிப்பணியாரக் கல்லில் தெளித்தால் குழியைவிடக் குழிகளுக்கு இடையே உள்ள மேட்டில்தான் அதிகம் விழுகிறது. அது சூட்டில் காய்ந்து, தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசினாகிவிடும்.

பராமரிப்பில்தான் இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. காற்றடைக்கும் உருளையைப் பயன்படுத்தி முடித்ததும் மூடியைத் தளர்த்தி, மிஞ்சிய காற்றை வெளியேற்றிவிட வேண்டும். அழுத்தத்தோடு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் முனையில் எண்ணெய் கசிந்து, அங்கேயே காய்ந்து அடைக்கும். எந்த வகையானாலும் பழைய எண்ணெய் மிச்சமிருக்கும்போதே புதியதை ஊற்றி நிரப்பக் கூடாது. அடியில் தங்கியது சிக்கு வாடை எடுத்திருந்தால் புதிய எண்ணெயையும் அது சீக்கிரம் கெடுத்துவிடும். அதனால் ஒரு வாரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் ஊற்றி, தீர்ந்ததும் கழுவுவதே எளிய முறை. வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டுகள் கலந்து, பாட்டிலில் பாதி ஊற்றிக் குலுக்கி, அந்த நீரையே தெளிப்பு முனை வழியாக நுரை வரும்வரை அடித்து வெளியேற்ற வேண்டும். பிறகு வெறும் வெந்நீரை அதேபோல அடிக்க வேண்டும். பாட்டிலை மட்டும் கழுவிவிட்டு முனையை விட்டுவிடுகிறவர்களே அதிகம். எண்ணெய் காய்ந்து பிசினாவதோ அந்த முனையில்தான்.

அடைத்த முனையை ஊசியால் குத்துவது கூடவே கூடாது. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் தூறல் போய்ப் பீய்ச்சல்தான் மிஞ்சும். முனையைக் கழற்றிச் சோப்பு கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலான அடைப்பு விலகிவிடும். விசை தொளதொளவென்று ஆடி எண்ணெய் ஏறவில்லையென்றால் குண்டுமணி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கும் இந்த ஊறலே மருந்து. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவும் வீடுகளில் முனையில் வெள்ளைப் பொருக்கு படிவதுண்டு. அதைச் சோப்பு கரைக்காது. சிறிது வினிகர் கலந்த நீர் கரைக்கும். அலுமினிய உருளையில் சமையல் சோடாவைப் போட்டு ஊறவைக்க வேண்டாம், உலோகம் கறுத்துவிடும். கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை. கழுவிய பாகங்களைத் தனித்தனியாகக் கவிழ்த்து ஓர் இரவு முழுக்க உலரவிட வேண்டும். குழாய்க்குள் ஒரு சொட்டு நீர் தங்கினாலும் காய்ந்த கல்லில் படபடவென்று தெறித்துக் கையைச் சுடும்.

வாயு அடைத்துத் தயாராக விற்கும் டப்பாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை மீண்டும் நிரப்ப முடியாது. பலவற்றில் எரியக்கூடிய வாயுவும், ஒட்டாத பூச்சுள்ள சட்டியில் பிசினாகப் படியும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் சேர்ந்திருக்கின்றன. செக்கு எண்ணெய் வாங்கும் வீட்டுக்கு அவை தேவையே இல்லை.

எந்தத் தெளிப்பானையும் எரியும் சுடருக்கு நேரே அடிக்கக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். கரண்டி எண்ணெயைவிடத் தூறலாக வரும் எண்ணெய் மிக எளிதில் தீப்பற்றும். கல்லை அடுப்பிலிருந்து தள்ளி எடுத்துத் தெளிப்பதே சரி.

செக்குக் கடலை எண்ணெய் புழங்கும் வீட்டுக்கு, வாய் அகன்ற, நிறமேற்றிய கண்ணாடி பாட்டிலும் முழுவதும் கழற்றக்கூடிய விசையும் உள்ள இரண்டாவது வகையைத்தான் நான் சொல்வேன். நிறக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுத்து, எண்ணெய் சீக்கிரம் சிக்கெடுக்காமல் காக்கும். அகன்ற வாய்க்குள் பிரஷ்ஷும் வடிகட்டும் துணியும் எளிதாகப் போகும். சூரியகாந்தி எண்ணெய் மட்டுமே வாங்கி, ஏர் ஃப்ரையரை நாள்தோறும் ஓட்டுகிறவர்கள் காற்றடைக்கும் வகைக்குப் போகலாம். கடையில் தண்ணீரை அடித்துக் காட்டினால் அதை நம்பி வாங்க வேண்டாம். தண்ணீர் எதிலும் அழகாகத்தான் தூறும். வீட்டுக்கு வந்ததும் நாம் புழங்கும் எண்ணெயையே வடித்து ஊற்றி, ஒரு முழ தூரத்தில் பிடித்த செய்தித்தாளில் அடித்துப் பார்க்க வேண்டும். கறை வட்டமாகப் பரவி, நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே சாயலில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். நடுவில் மட்டும் குட்டையாக நனைந்து தாள் ஊறிப்போனால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.