பிட்வார்டனா, கீபாஸ்எக்ஸ்சியா: பெட்டகம் யார் பொறுப்பில்?

அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ், கையில் ஆண்ட்ராய்டு என்று புழங்குபவர்கள் கடவுச்சொற்களைச் சேமித்துத் தரும் செயலியான கடவுச்சொல் மேலாளரைத் தேடும்போது, எல்லாக் கருவிகளிலும் அது இயங்குமா என்பதையே முதலில் கேட்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, கடவுச்சொற்கள் சேமிக்கப்படும் பெட்டகம் எங்கே இருக்கிறது, அது களவுபோனால் திருடியவருக்கு என்ன கிடைக்கும் என்பவையே அதைவிட முக்கியமான கேள்விகள்.

2022இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் மேலாளர் நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், வாடிக்கையாளர்களுடைய பெட்டகங்களின் காப்புநகல்களை எடுத்துச் சென்றார்கள். கடவுச்சொற்கள் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்று காட்டும் இணைய முகவரிகள் வெளிப்படையாகவே இருந்தன. பெட்டகத்தையே திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை எளிதாக அமைத்திருந்தவர்களின் பெட்டகத்தை, கால வரம்பு எதுவுமின்றி ஊகித்துப் பார்க்கும் வாய்ப்பும் திருடர்களுக்குக் கிடைத்தது.

பிட்வார்டன் என்ற மேலாளர் அந்த முகவரிகளையும் சேர்த்தே குறியாக்கம் செய்கிறது. அதன் மூலநிரல் எவரும் படித்துப் பார்க்கக்கூடியது. இலவசத் திட்டத்திலேயே எத்தனை கடவுச்சொற்களையும் எத்தனை கருவிகளிலும் வைத்துக்கொள்ளலாம் என்பது குடும்பங்களுக்குப் பெரிய வசதி. ஒன்பாஸ்வேர்டு என்ற இன்னொரு மேலாளர், முதன்மைக் கடவுச்சொல்லுடன் கருவியிலேயே உருவாகும் ஓர் இரகசியத் திறவியையும் கேட்பதால், நிறுவனத்தின் சர்வரிலிருந்து பெட்டகம் திருடுபோனாலும் ஊகத்தால் மட்டும் திறக்க இயலாது. பாதுகாப்பில் இதை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும், அதில் நிரந்தர இலவசத் திட்டம் இல்லை.

கீபாஸ்எக்ஸ்சி என்ற மேலாளரில் சர்வர் என்பதே கிடையாது. பெட்டகம் உங்கள் கணினியில் உள்ள ஒரே ஒரு கோப்புதான். அதே கோப்பை ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாசியம் ஆகிய செயலிகளால் திறக்கலாம். கோப்பைக் கருவிகளுக்கிடையே ஒத்திசைப்பதும் காப்புநகல் எடுப்பதும் முழுக்க உங்கள் பொறுப்பு. கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் மாற்றம் செய்தால் இரு வேறு பிரதிகள் உருவாகக்கூடும். அவற்றை இணைக்கும் வசதி உண்டென்றாலும், அதை நினைவாகச் செய்பவர்களுக்கே இது ஏற்றது.

ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு நான் பிட்வார்டனையே பரிந்துரைப்பேன். பழைய செயலியிலிருந்து மாறும்போது ஏற்றுமதியாகும் சிஎஸ்வி கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் வெறும் எழுத்தாகவே இருக்கும் என்பதால், இறக்குமதி முடிந்ததும் அதைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் நிறுவனத்தாலும் பெட்டகத்தைத் திறந்து தர முடியாது. அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பூட்டி வையுங்கள்.